ஆடுற நாற்காலியும் கடைமடைத் தண்ணியும்!

ஷேக்கி, ரிக்கட்டி, ராக்கி, ராம்ஷாக்கிள், அன்ஸ்டேபிள், ரஃப், ரக்டு, டர்புலன்ட், பிரிக்கேரியஸ்...

என்ன மக்களே, படிக்கும்போதே கண்ணைக் கட்டுதா? கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிட்டு இருக்கிற எந்தப் பையனை வேணா பிடிச்சுக் கேளுங்க... தூக்கத்துல எழுப்பினாலும் இந்த லிஸ்ட்டை ஒப்பிப்பான். ஆப்டிட்யூட் டெஸ்ட்ல வெர்பல் செக்‌ஷன்னு ஒரு வில்லன் இருக்கான். 'ஒரே அர்த்தம் தரும் சொல்லைத் தேர்ந்தெடு'ன்னு நாலு ஆப்ஷன் கொடுப்பான். நாலுமே ஆடிக்கிட்டு இருக்கிற ஏதோ ஒண்ணைத்தான் சொல்லும். அதுல எது எப்படி ஆடுதுன்னு நாம கண்டுபிடிக்கணுமாம்!

"கேம்பஸ்ல ஜெயிக்க பத்து டிப்ஸ் எழுதிக் குடு தம்பி"ன்னுதான் ஆபீஸ்ல என்கிட்ட சொன்னாங்க. என்கிட்ட பத்தெல்லாம் கிடையாது பாஸ். பழைய புத்தகக் கடையில வாங்கின குண்டு டிக்‌ஷனரி ஒண்ணு இருக்கு. அதுல ஒவ்வொரு வார்த்தைக்கும் கடைசியில, பொடி எழுத்துல, 'இந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு'ன்னு ரெண்டு வரி போட்டிருப்பான். யாரும் படிக்காத அந்த ரெண்டு வரியைத்தான் நாலு மாசமா நான் படிச்சுக்கிட்டு இருக்கேன்.

என்னைப் பத்தி ஒரு வரி... சிவில் மூணாம் வருஷம். ப்ளஸ் டூ வரைக்கும் சுத்தமான தமிழ் மீடியம். ஊர் பேராவூரணி பக்கம். கல்லணைக் கால்வாய்னு நீங்க மேப்ல பார்க்கிறதை எங்க ஆளுங்க 'புது ஆறு'ன்னு சொல்வாங்க. அது ஓடி ஓடிக் களைச்சுப் போய் வந்து சேர்ற கடைமடைதான் எங்க ஊர். ரெண்டு ஏக்கர் நெல்லு, கொஞ்சம் தென்னை. ஆடுறதைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை!

சரி, விஷயத்துக்கு வருவோம். 'ஸ்டேபிள்'ங்கிற வார்த்தைக்கு லத்தீன்ல வேர், 'நிற்கிறது'. அன்ஸ்டேபிள்னா, நிக்க முடியாதது. இதைப் படிச்சப்போ எனக்கு சட்டுனு பொறி தட்டுச்சு. நம்ம 'நிலை' எங்கேர்ந்து வந்துச்சு? 'நில்'லுங்கிற வினையிலேர்ந்துதானே! வள்ளுவர் ஒரு அதிகாரத்துக்கே 'நிலையாமை'ன்னு பேர் வெச்சிருக்கார். ரோமாபுரிக்காரனும் நம்மாளும் பேசி வெச்சுக்காமலே ஒரே இடத்துல, அதாவது ரெண்டு கால்ல நின்னுக்கிட்டு யோசிச்சிருக்காங்க.

காலைப் பத்தி இன்னொரு வார்த்தை, 'ரிக்கட்டி'. ஆட்டம் கண்ட நாற்காலி, எப்ப விழும்னு தெரியாத மாடிப்படி... இதுக்கெல்லாம் இதுதான். இது வந்தது 'ரிக்கட்ஸ்'ங்கிற குழந்தைகள் நோயிலேர்ந்து. வெயில் படாம, வைட்டமின் டி இல்லாம, எலும்பு உறுதி இழந்து கால் வில்லா வளைஞ்சுடும். 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்துல இது பெரிய தலைவலி. ஃபிரான்சிஸ் கிளிசன்கிற டாக்டர் 1650-ல இதுக்குன்னே ஒரு புத்தகம் போட்டார். அப்படித் தள்ளாடி நடந்த குழந்தைகளைப் பார்த்த ஜனங்கதான், பிற்பாடு ஆடுற மேஜையையும் அதே பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. நாலு ஆப்ஷன்ல ஒண்ணா கிடக்கிற வார்த்தைக்குள்ள ஒரு புள்ள நடக்க முடியாம நிக்குதுன்னு தெரிஞ்சதுக்கப்புறம், அதை எப்படிங்க மறக்க முடியும்?

(நடுவுல ஒரு மெக்கானிக்ஸ் பிட்டு. நம்ம தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை ஸ்டேபிளா, அன்ஸ்டேபிளா? "ஆடுது, அதனால அன்ஸ்டேபிள்"னு சொன்னீங்கன்னா மார்க் போச்சு! அடிப்பாகம் கனமா, உருண்டையா இருக்கிறதால எப்படித் தள்ளினாலும் திரும்ப எழுந்து நின்னுடும். எக்ஸாம் பாஷையில அது சுத்தமான ஸ்டேபிள். லேசாத் தட்டினா திரும்பி வராம போயிட்டே இருக்கு பாருங்க, அதுதான் அன்ஸ்டேபிள். பெரிய கோயில் வாசல்ல பொம்மை வாங்குறவங்க ஒரு தடவை தட்டிப் பார்த்து ஃபிசிக்ஸையும் படிச்சுக்கோங்க.)

'ராக்கி'யில ஒரு சூப்பர் ஏமாத்து வேலை இருக்கு. பாறைன்னு அர்த்தம் வர்ற 'ராக்கி' வேற, தள்ளாட்டம்னு அர்த்தம் வர்ற 'ராக்கி' வேற. ரெண்டாவது வந்தது தொட்டில் ஆட்டுறதுக்குச் சொல்ற 'ராக்'கிலேர்ந்து. ஒரே உருவம், வேற வேற வேர். டபுள் ஆக்‌ஷன் ஹீரோ மாதிரி! 'ஃப்ளக்சுவேட்'டுக்கு உள்ள இருக்கிறது லத்தீன் அலை. நாம 'மனசு அலைபாயுது'ன்னு சொல்றோமே, அச்சு அசல் அதேதான். இதையெல்லாம் மனப்பாடம் பண்ண அரை நிமிஷம் கூட வேண்டாம்.

ஆனா 'ராம்ஷாக்கிள்'கிட்ட நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

இடிஞ்சு விழப்போற வீட்டுக்குச் சொல்ற வார்த்தை அது. 'ரான்சாக்'னு இன்னொரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கு, கொள்ளைக்காரன் வீட்டைத் தலைகீழாப் புரட்டிப் போடுறது. அதோட பிள்ளைதான் இது. ரான்சாக்குக்கு மூலம் பழைய ஸ்காண்டிநேவிய மொழியில 'வீட்டைத் தேடுதல்'. ஆக, ராம்ஷாக்கிள்னா கொள்ளையடிச்சுட்டுப் போன வீடு மாதிரி கிடக்குதுன்னு அர்த்தம்.

2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறுச்சு. அப்போ எனக்குப் பதிமூணு வயசு. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடுன்னு எங்க பக்கம் முழுக்க லட்சக்கணக்குல தென்னை சாஞ்சுச்சு. எங்க வீட்டுக் கொட்டகையில ஓலை ஒண்ணு மிச்சமில்லை. அடுப்பு ஒரு பக்கம், அப்பாயியோட டிரங்குப் பெட்டி ஒரு பக்கம், என் ஸ்கூல் நோட்டு வேலியில. அப்பாயி வாசல்ல உக்காந்துக்கிட்டு, "சூறையாடிட்டுப் போயிருச்சேடா"ன்னு ஒரே ஒரு தடவைதான் சொல்லுச்சு. அதுக்கப்புறம் அழவும் இல்லை.

இப்போ யோசிச்சுப் பாருங்க. சூறைக் காத்துன்னா சுழட்டி அடிக்கிற காத்து. சூறையாடுறதுன்னா கொள்ளையடிக்கிறது. ரெண்டுக்கும் 'சூறை'தான்! காத்து அடிச்ச வீட்டையும் கொள்ளைக்காரன் புகுந்த வீட்டையும் தமிழ் ஒரே சொல்லால பார்க்குது. அந்தப் பக்கம் கொள்ளைபோன வீட்டுலேர்ந்து ஒரு வார்த்தை, இந்தப் பக்கமும் அதே வீட்டுலேர்ந்து ஒரு வார்த்தை. பள்ளிக்கூடமே போகாத எங்க அப்பாயிக்கு ராம்ஷாக்கிளுக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கு பாருங்க... ஆப்ஷன் கொடுக்காமலே!

'க்ரேஸி' தெரியாதவங்க யாராவது இருக்கீங்களா? லவ் டயலாக்ல ஆரம்பிச்சு சினிமா டைட்டில் வரைக்கும் அடிபடுற வார்த்தை. ஆனா அதோட முதல் அர்த்தம் 'விரிசல் விட்டது'. கப்பல்ல, சுவர்ல விரிசல் விழுந்தா அதைத்தான் க்ரேஸின்னாங்க. அப்புறம்தான் மனசுல விழுற விரிசலுக்கும் அது போச்சு. பீங்கான் கோப்பை மேல பொடிப் பொடியா கோடு விழுமே, அதுக்கு இன்னிக்கும் 'க்ரேஸிங்'னுதான் பேர். எங்க கான்கிரீட் லேப்லகூட, சரியா நீராற்றாத சிமென்ட் மேல வலை மாதிரி வெடிப்பு வந்தா அதே பேர்தான். 2017-ல தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அறிவிச்ச வருஷம் எங்க ஏரிக்குள்ள இறங்கி கிரிக்கெட் ஆடினோம். தரை முழுக்க பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. பந்து உள்ள போயிடும்னு வெடிப்புல எல்லாம் மண்ணைப் போட்டு மூடிட்டு பிட்ச் போட்டோம். க்ரேஸி கிரவுண்டு!

இனிமே கொஞ்சம் சிவில் இன்ஜினீயரிங். பயந்து பக்கத்தைத் திருப்பிடாதீங்க, ஒரே ஒரு ஃபார்முலாதான்.

'ரஃப்'னா சொரசொரப்பு, கரடுமுரடு. ரஃப் நோட்டு, ரஃப் அண்ட் டஃப் எல்லாம் அப்புறம் வந்தது. பழைய இங்கிலீஷ்ல அதோட அர்த்தம் என்ன தெரியுமா? முடி மண்டினது! ஆட்டுத்தோலை உரிச்சா ஒரு பக்கம் வழுவழு, இன்னொரு பக்கம் புசுபுசுன்னு ரோமம். அந்த ரோமப் பக்கம்தான் 'ரஃப்'. 'ரக்டு'ம் அதே கதைதான். கம்பளியைச் சொல்ற 'ரக்'குக்கு உறவுக்கார வார்த்தை. கல்லும் பாறையும் பிற்பாடு வந்து ஒட்டிக்கிட்டதுங்க. மண்வெட்டியில கல் தட்டினாலே அதிசயமா பார்க்கிற டெல்டா பையனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல 'மேனிங்ஸ் என்'னு ஒண்ணு வரும். அயர்லாந்து இன்ஜினீயர் ராபர்ட் மேனிங் 1889-ல சொன்ன ஃபார்முலா. வாய்க்கால்ல தண்ணி என்ன வேகத்துல போகும்னு கணக்குப் போட, வாய்க்கால் எவ்வளவு 'ரஃப்'னு ஒரு எண் வேணும். அதுதான் 'என்'. சுத்தமா, நேரா வெட்டின மண் வாய்க்காலுக்கு 0.022-னு டேபிள்ல இருக்கும். பராமரிப்பே இல்லாம, தண்ணி மட்டத்துக்குக் களை மண்டிக் கிடந்தா 0.08. கிட்டத்தட்ட நாலு மடங்கு. 'என்' ஃபார்முலாவுல கீழே இருக்கிறதால, அதே ஆழம், அதே சரிவுன்னா வேகம் நாலுல ஒரு பங்குதான்!

புரொஃபசர் போர்டுல இதை எழுதிட்டு ஸ்பெஷலா எதுவும் சொல்லாம அடுத்த கணக்குக்குப் போயிட்டார். எனக்கு மட்டும் நகர முடியலை. எங்க ஊருக்கு மேல நாலு கிலோமீட்டர்ல எங்க வாய்க்கால் எப்படிக் கிடக்கும்னு எனக்குத் தெரியும். ஆகாயத்தாமரை பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கும். கரையிலேர்ந்து நெய்வேலிக் காட்டாமணக்கு உள்ள சரிஞ்சு நிக்கும். அசல் 'ரஃப்'... ஆயிரம் வருஷத்துக்கு முந்தின அர்த்தத்துலயே ரஃப், முடி மண்டின வாய்க்கால்! மேட்டூர்ல திறக்கிற தண்ணி கல்லணைக்கு வந்து சேரவே மூணு, நாலு நாளாகும். அதுக்கப்புறம் எங்களுக்கு எப்ப வரும்ங்கிறதை இந்தக் களையும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்லேர்ந்து அப்பாவுக்கு போன் போட்டு, நாலு மடங்கு கணக்கை ஆர்வமா சொன்னேன். "நாங்க நாலு நாள் மம்பட்டி பிடிச்சா அந்த நம்பர் எவ்வளவு குறையும் தம்பி?"ன்னார். பாஸ், எந்த வைவாவுலயும் என்கிட்ட யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. களையை வெட்டி எடுத்துட்டு, அடியில கொஞ்சம் புல்லு இருந்தா 0.027-னு அதே டேபிள்ல போட்டிருக்கான். சொன்னேன். அந்த வாரக் கடைசியில பத்து பன்னிரண்டு பேர் இறங்கி எங்க பக்கத்துக் கிளை வாய்க்காலை அரிச்சு எடுத்தாங்க. நானும் போனேன். உள்ளங்கை முழுக்க கொப்புளம். 'என்'னோட மதிப்பு கையில எழுதியிருந்துச்சு!

'டர்புலன்ட்'டுக்கு வேர் லத்தீன்ல 'கூட்டம், களேபரம்'. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-ல கண்ணாடிக் குழாய்க்குள்ள சாயத்தை ஓட விட்டு, எந்த வேகத்துல அந்த நேர்கோடு கலைஞ்சு தாறுமாறாகுதுன்னு பார்த்தாரே, அந்தக் களேபரம்தான். (அவர் அதுக்கு வெச்ச பேர் வேற. 'டர்புலன்ஸ்'ங்கிறதைத் தண்ணிக் கணக்குக்குள்ள கொண்டுவந்தது கெல்வின் பிரபு, 1887-ல.) நம்மாளுங்க இந்தக் குழாய் விளையாட்டெல்லாம் ஆடலை. திருவையாத்துப் பக்கம் ஓடுற ஆத்துக்கு 'குடமுருட்டி'ன்னு பேர் வெச்சுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. குடத்தையே உருட்டிட்டுப் போற ஆறு! எந்த ரெனால்ட்ஸ் நம்பர் வேணும் அதுக்கு மேல? பஸ்ல பாலம் தாண்டும்போது கோடையில எட்டிப் பார்த்தீங்கன்னா, உருட்டுறதுக்குக் குடம் ரெடி, ஆறுதான் இருக்காது.

கடைசியா 'பிரிக்கேரியஸ்'. டிக்‌ஷனரியில இந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சிருக்கேன்.

மலை விளிம்புல நிக்கிற லாரி, எப்ப போகும்னு தெரியாத வேலை... இதுக்கெல்லாம் இந்த வார்த்தையைப் போடுவாங்க. நான் ஏதோ பாறை, பள்ளம்னு வேர் இருக்கும்னு நினைச்சுக்கிட்டுப் பார்த்தா, 'கெஞ்சிப் பெற்றது'ன்னு போட்டிருக்கு! பிரார்த்தனைக்குச் சொல்ற 'பிரேயர்' இருக்கே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். ரோமானியச் சட்டத்துல ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட கெஞ்சிக் கேட்டு ஒரு நிலத்தையோ பொருளையோ வாங்கி அனுபவிக்கலாம். ஆனா கொடுத்தவர் எப்ப வேணா 'திருப்பிக் கொடு'ன்னு சொல்லலாம். அதுக்குத்தான் அந்தப் பேர். பொருள் உறுதியாத்தான் இருக்கும். ஆட்டம் காண்றது அதை வாங்கினவனோட வாழ்க்கை!

இதைப் படிச்சதும் எனக்கு ஜூன் 12 ஞாபகம் வந்துச்சு. டெல்டாக்காரங்களுக்கு அது பொங்கல், தீபாவளி மாதிரி ஒரு தேதி. வழக்கமா மேட்டூர் அணையைத் திறக்கிற நாள். 120 அடி உயரம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, 1934-லேர்ந்து நிக்கிற அணை. ஆனா 2012-லேர்ந்து 2019 வரைக்கும், எட்டு வருஷம் தொடர்ந்து அந்தத் தேதிக்குத் திறக்கலை. அதாவது நான் ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து ஒன்பதாங்கிளாஸ் போற வரைக்கும்! 2020-லதான் மறுபடி ஜூன் 12. 2022-ல மே 24-ம் தேதியே திறந்துட்டாங்க. 2023-ல ஜூன் 12 சரியா திறந்தாங்க, அக்டோபர் 10-ம் தேதி மூடிட்டாங்க. எங்க அப்பா விதை விட்டிருந்த வருஷம் அது. என் முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்ட அம்மாவோட வளையல் ரெண்டும் பேங்குக்குப் போன வருஷமும் அதுதான். 2024-ல ஜூலை 28. 2025-ல திரும்ப ஜூன் 12. இந்தத் தேதிகளை ஒரு கிராஃப்ல போட்டா 'ஃப்ளக்சுவேட்' தெரியும். ஆனா கிராஃப்ல வராத ஒண்ணை 'பிரிக்கேரியஸ்' சொல்லுது. மேல இருக்கிறவங்களோட மழை, மேல இருக்கிறவங்களோட மனசு... இதை நம்பி கீழ ஒருத்தர் விதை நெல்லை ஊற வைக்கிறார்.

அப்பாகிட்ட இந்த அர்த்தத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. "தப்பா எழுதியிருக்கான் தம்பி. நாம எதுக்குக் கெஞ்சணும்? அது நம்ம தண்ணி"ன்னார்.

யோசிச்சா, காவிரி வழக்கோட சாரமே அப்பா சொன்ன அந்த ஒரு வரிதான். 1990-ல நடுவர் மன்றம் அமைச்சாங்க. 2007 பிப்ரவரி 5-ல 192 டி.எம்.சி.ன்னு இறுதித் தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16-ல உச்ச நீதிமன்றம் அதை 177.25-ஆ குறைச்சுது. குறைஞ்ச வருத்தம் எங்க ஊர்ல இன்னும் இருக்கு. ஆனா அந்தத் தீர்ப்புல, ஜூன்ல 9.19, ஜூலையில 31.24-னு மாசத்துக்கு மாசம் கணக்கு எழுதி வெச்சிருக்கு பாருங்க, அதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிறீங்க? 'கெஞ்சிப் பெற்றது'ங்கிறதை அடிச்சுட்டு 'உரிமை'ன்னு எழுதுற முயற்சி அது. நல்ல மழை வருஷத்துல அந்த எழுத்து நிக்குது. மழை ஏமாத்தினா, மறுபடி ஆணையம், மறுபடி கோர்ட், மறுபடி போராட்டம்.

இங்கதான் டிக்‌ஷனரி என்னை மறுபடி வம்புல மாட்டிவிட்டுச்சு. 'ரைவல்', அதாவது எதிராளி, போட்டியாளன். இதுக்கு லத்தீன்ல என்ன அர்த்தம் தெரியுமா? 'ஒரே ஓடையில தண்ணி எடுக்கிறவன்'! பக்கத்து வயக்காரன்தான் முதல் ரைவல். நான் இன்ஸ்டன்ட்டா மண்டியாவை நினைச்சேன். அங்கேயும் ஒரு சிவில் பையன் இருப்பான். அவன் அப்பாவும் அணை மட்டத்தை தினமும் பேப்பர்ல பார்ப்பார். கிருஷ்ணராஜ சாகர்ல தண்ணி இறங்க இறங்க அவர் முகமும் இறங்கும். அவங்க ஊர்லயும் கால்வாய் முடியுற இடம்னு ஒண்ணு இருக்குமில்லையா, அங்க இருக்கிறவங்களுக்கும் தண்ணி கடைசியாத்தானே வரும்? அவனுக்கும் வெர்பல் செக்‌ஷன் இருக்கும், அதே லிஸ்ட்டை அவனும் ஒப்பிச்சுக்கிட்டு இருப்பான். வார்த்தைப்படி பார்த்தா அவன் எனக்கு நூத்துக்கு நூறு ரைவல். பார்த்தா ஒரு டீ சொல்லி உக்கார வெச்சுப் பேசணும்னு தோணுது.

எங்க கிளாஸ்ல தமிழ் மீடியம் பசங்க நாங்க ஏழு பேர். இப்போ ராத்திரி ஒன்பதரைக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில ஜமா கூடுது. ஒருத்தன் லிஸ்ட்லேர்ந்து ஒரு வார்த்தையைப் படிப்பான். நான் பொடி எழுத்தைப் படிப்பேன். மத்தவங்க அதுக்கு ஊர் வார்த்தை சொல்லணும். 'ரஃப்'க்கு ஒருத்தன் 'சொரசொர'ன்னான், பட்டுக்கோட்டைக்காரன் 'நார் உரிக்காத தேங்கா'ன்னான்! 'ஷேக்கி'க்கு 'லொடலொட'. பிரிக்கேரியஸுக்கு மட்டும் சரியான வார்த்தை இன்னும் கிடைக்கலை. 'அந்தரத்துல'ன்னான் ஒருத்தன். இருந்தாலும் அதுல கெஞ்சுறது வரலை. 'அடுத்தவன் கையை எதிர்பார்த்து'ன்னு இன்னொருத்தன். அது வார்த்தை இல்லை, வாக்கியம். அப்பா ஒத்துக்குற மாதிரி ஒரு வார்த்தை உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க.

அப்படியே இன்னொரு ஹெல்ப். மண்டியா பக்கம் உங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருந்தா, 'கடைமடை'க்குக் கன்னடத்துல அவங்க ஊர்ல என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. டிக்‌ஷனரி வார்த்தை வேண்டாம்... வாய்க்கால் கரையில நின்னுக்கிட்டு, தண்ணிக்காகக் காத்திருக்கிறவங்க சொல்ற வார்த்தை!